வழியும் வழிப்போக்கரும் – 11: மலை ஏறியவர்கள், சுமந்து ஏறியவர்கள்

சென்ற இதழில் ஊர்காவற்றுறையில் கப்பலேறிய யானைகளைப் பார்த்தோம். மாத்தறைப் பக்கத்துக் காடுகளில் பிடிபட்டு, வன்னி வழியே நடத்தப்பட்டு, யாழ்ப்பாணத்தில் விலை பேசப்பட்டு, எங்கள் கரையில் இருந்து இந்தியாவுக்குப் போனவை அவை. இம்முறை அந்த வழியைத் திருப்பிப் பிடிப்போம். வடக்கே கடலோரத்தில் தொடங்கி மேகம் தவழும் இடம் வரை போவோம்.

எழுவைதீவில் இருந்து எழுதுகிறவனுக்கு மலையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் தீவில் உயரம் என்றால் பனை. அதற்கு மேல் போனால் கோயில் மணிக்கூண்டு, தேவாலயக் கோபுரம். இறங்குதுறையில் நின்றால் நான்கு பக்கமும் தட்டையான கடல். ஆனால் இலங்கை மலைநாட்டுக்குப் போய், ஏறி, இறங்கி, கண்டதை விரிவாக எழுதிவைத்த ஆரம்பகாலப் பயணி ஒருவருக்குப் பல்லக்கும் ஆளும் சோறும் கொடுத்து அனுப்பிவைத்தவர் எங்கள் யாழ்ப்பாணத்து அரசர். மலைநாட்டுச் சுற்றுலாவின் வரலாற்றை வெள்ளைக்காரர் நுவரெலியாவைக் கண்ட 1819இல் தொடங்குவதே வழக்கம். அதற்கு 475 ஆண்டுகள் முன்னால் போய்த் தொடங்குவோம்.

1344. மொரோக்கோவின் தாஞ்சியரில் பிறந்த இபன் பதூதா மாலைதீவில் இருந்து மாபர் கரைக்கு, அதாவது இன்றைய தமிழகக் கரைக்குப் புறப்படுகிறார். காற்று திசைமாற்றிக் கப்பலை இலங்கைப் பக்கம் ஒதுக்குகிறது. மாலுமிகளுக்கு நடுக்கம். அந்தத் துறை யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்தியுடையது, அவருடைய கப்பல்கள் கடலில் போகிறவர்களைக் கொள்ளையிடும் என்று அவர்கள் சொல்கிறார்கள். காற்றுக்கும் பயம், கரைக்கும் பயம். கடைசியில் இபன் பதூதா தாமே இறங்கிப் போய்ப் பேசுவதாகச் சொல்லி, புத்தளத்தில் அரசரைச் சந்திக்கிறார்.

அந்தச் சந்திப்பை அவர் எழுதியிருக்கும் விதம் சுவையானது. அரசருக்குப் பாரசீக மொழி விளங்குகிறது. தூர தேசத்து அரசர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒருநாள் சலாபத்தில் எடுத்த முத்துக்கள் அரசர் முன் குவிந்து கிடக்கின்றன. ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ பார்த்த நாடுகளில் இப்படி முத்து உண்டா என்று அரசர் கேட்கிறார். இல்லை என்கிறார் விருந்தாளி. அரசர் மகிழ்ந்து, வேண்டியதைக் கேள், வெட்கப்படாதே என்கிறார். வேறு எவராயிருந்தாலும் முத்தைத்தான் கேட்டிருப்பார்கள். இபன் பதூதா கேட்டது, ஆதத்தின் பாதம் பதிந்த மலைக்குப் போக வழி. சைவர்களுக்கு அது சிவனொளிபாதம். பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம். கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர்.

இதுதானா, ஆள் துணையோடு அனுப்பிவைக்கிறேன் என்றார் அரசர். அனுப்பியவர்களின் கணக்கை இபன் பதூதா விடாமல் குறித்திருக்கிறார். தம்மைத் தோளில் தூக்கிப்போகப் பல்லக்கும் பல்லக்குக்காரரும், ஆண்டுதோறும் பாதமலைக்குப் போய்வரும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், அரசரின் ஆட்கள் 10 பேர், உணவுப்பொருள் சுமக்க 15 பேர். அந்தக் கடைசிக் கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டுப் பயணக் குறிப்புகள் எத்தனையோ வந்தன. சுமந்தவர்களை எண்ணிச் சொன்ன நூல்கள் அதிகம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த யோகிகள் வருடாவருடம் போகிறவர்கள். அப்படியென்றால் வழியும் தங்குமிடமும் பழக்கமும் ஏற்கெனவே இருந்தன. இபன் பதூதா எதையும் கண்டுபிடிக்கவில்லை. வழி தெரிந்தவர்களின் பின்னால் போனார். மூங்கில் தெப்பத்தில் ஆறு கடந்து, சிலாபத்தைத் தாண்டி, யானைக் காட்டுக்குள் நுழைந்து, மலையடிக்கு வந்தார்கள். மேலே ஏற இரும்புச் சங்கிலிகள் பத்து பொருத்தியிருந்ததாக எழுதுகிறார். சங்கிலியைப் பிடித்து ஏறும் வழக்கத்தை அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே மார்க்கோ போலோவும் குறித்திருக்கிறார்.

எனக்குப் பிடித்த இடம் அட்டை. மரத்திலும் நீரோரப் புல்லிலும் இருந்து பாய்ந்து ஒட்டும் அட்டையைப் பற்றி எழுதி, அதற்கென்றே ஆட்கள் எலுமிச்சம்பழம் கொண்டுபோவார்கள், சாற்றைப் பிழிந்தால் கழன்று விழும், பிறகு மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டுவார்கள் என்கிறார். மழைக்காலத்தில் சிங்கராஜாவுக்கோ நக்கிள்ஸ் மலைக்கோ போகும் பெடியள் இன்றும் தேசிக்காயும் சவர்க்காரமும் உப்பும் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். 680 ஆண்டுகளில் அட்டையும் மாறவில்லை, வைத்தியமும் மாறவில்லை.

திரும்பி வரும்போது தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் வந்தார். கப்பல் தலைவன் சொன்னபடி அவருக்காகக் காத்திருந்தான். யாழ்ப்பாணத்து அரசரின் வாக்கு அப்படி வேலை செய்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ரொபர்ட் நொக்ஸ். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஆங்கிலேயர். சிறைக்குள் வைக்கவில்லை. ஊருக்குள் நடமாடலாம், நூல் பின்னி விற்கலாம், காணி வாங்கலாம். வெளியே மட்டும் போக முடியாது. மலைநாடே சிறை. மன்னர் வேண்டுமென்றே பெருந்தெரு வெட்டவிடவில்லை. ஒருவர் பின் ஒருவராக நடக்கும் ஒற்றையடிப் பாதைகள், அவற்றில் முட்கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் காவலாளி. கதவைத் தாண்டக் களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும். போர்வீரனின் முத்திரையில் தோளில் ஈட்டி வைத்த மனிதன். வெள்ளைக்காரனுடையதில் தொப்பியும் வாளும். வேலையாளின் முத்திரையில் காவுதடியின் இரு நுனியிலும் மூட்டை தொங்கச் சுமந்து போகும் மனிதன்! எழுதப்படிக்கத் தெரியாத காவலாளியும் பார்த்தவுடன் ஆளைப் பிரித்தறியும் கடவுச்சீட்டு அது. யார் சுமப்பவன், யார் சுமக்கப்படுபவன் என்பதை மண்ணிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

நொக்ஸ் 1679இல் தப்பினார். கூட்டாளி ஒருவரோடு சிறுவியாபாரி வேடத்தில் வடக்கே வந்து, மல்வத்து ஓயாவைப் பிடித்துக் காட்டுக்குள் நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையில் போய் ஏறினார். மலையில் இருந்து தப்பிய வெள்ளைக்காரன் வந்து சேர்ந்த அதே அரிப்புக் கரையில், ஒன்றரை நூற்றாண்டு கழித்து மலைக்குப் போகும் தமிழர்கள் இறங்கப்போகிறார்கள்.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1818 கிளர்ச்சியை அடக்கியபிறகு ஆங்கிலேயருக்கு ஒன்று புரிந்தது. தெரு இல்லாத மலையை ஆள முடியாது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பில் இருந்து கண்டிக்கு 72 மைல் தெருவைப் போட்டார். பொறியாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்துபோக, அவருக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் கட்டினார்கள். இன்றும் நிற்கிறது. அதே இடத்தில் தெருவுக்காகத் துளைத்த பாறையும் இருக்கிறது. மலையைத் துளைத்து வருகிறவன் கையில் கண்டி விழும் என்று முன்னோர் வாக்கு இருந்ததாகவும், அதற்காகவே பாறையைத் துளைத்தார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. சுற்றிப் போக இடம் இருந்தும் துளைத்ததைப் பார்த்தால் கதையைத் தள்ளிவிட மனம் வருவதில்லை.

தெரு போட்டது யார்? இராஜகாரியம் என்ற பழைய ஊழியக் கடமையைக் கையில் எடுத்து, கண்டிக் கிராமத்தவர்களைக் கூலியில்லாமல் வேலைக்கு இழுத்தார்கள். தோமஸ் ஸ்கின்னர் என்ற பதினாறு வயதுப் பையனிடம் அப்படிப்பட்ட ஆட்களை ஒப்படைத்துக் கடுகண்ணாவைப் பக்கத்தில் ஒரு துண்டுத் தெருவை வெட்டச் சொன்னார் பார்ன்ஸ். அந்தப் பையன் பிறகு அரை நூற்றாண்டு இலங்கைக்குத் தெருப் போட்டு, மேஜராகி, நூலும் எழுதினார். இராஜகாரியம் 1832–33 சீர்திருத்தங்களோடு ஒழிந்ததும் தென்னிந்தியாவில் இருந்து திரட்டிய பயனியர் படை அந்த இடத்துக்கு வந்தது. மண் வெட்டிய கை மாறியது. மேலே போனவர்கள் மாறவில்லை.

1832இல் கொழும்பு–கண்டி தபால் வண்டி ஓடத் தொடங்கியது. குதிரை பூட்டியது. ஆசியாவிலேயே முதலாவது என்று பெருமையாகச் சொல்வார்கள். தெருவோரங்களில் அரசாங்கம் வாடிவீடுகளைக் கட்டியது. வெளுத்த விரிப்பு, கோழிக்கறி, வெந்நீர், வருகைப் பதிவேடு. பயணம் என்றால் காய்ச்சலும் காட்டு யானையும் என்றிருந்தது மாறி, பயணம் என்றால் சாய்மனைக் கதிரை என்று ஆனது அங்கேதான்.

அதே ஆண்டுகளில் இன்னொரு கூட்டம் அதே மலைக்கு வேறு வாசலால் ஏறிக்கொண்டிருந்தது. 1823, 24 அளவில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கப்பிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். கண்டிச் சிங்களவர் தங்கள் வயலை விட்டுக் கூலிக்கு வரத் தயாராக இல்லை. ஆள் தேடி இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கங்களுக்குக் கங்காணிகள் போனார்கள். வந்தவர்கள் தோணியேறி மன்னார்க் கரையிலும் அரிப்பிலும் இறங்கி, வன்னிக் காட்டுக்குள் நடந்து, அநுராதபுரம், தம்புள்ள, மாத்தளை என்று ஏறினார்கள். கிட்டத்தட்ட 150 மைல். கோப்பி அறுவடைக்கு வந்து, முடிந்ததும் அதே வழியால் ஊருக்கு நடந்து திரும்பினார்கள். வருகிறபோது வயிற்றில் பசி, போகிறபோது மடியில் காசு. வழிப்பறிக்காரர் எந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வாந்திபேதி வந்தவரைப் பாதையோரம் விட்டுவிட்டுக் கூட்டம் நடக்கும். செத்தவர்களுக்குக் கணக்கு ஒழுங்காக வைக்கவில்லை. 1840களில் எத்தனை ஆயிரம் பேர் என்று அக்காலத்துப் பத்திரிகைகளே சண்டை போட்டன. காடு கழிந்து முதலில் தென்படும் பெரிய ஊர் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் எழுந்ததற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது.

பயண நூல்களில் இவர்களுக்கு இடமில்லை. நடந்தவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் நடக்கவில்லை.

எழுதியவர்களில் பெரிய பெயர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுப் பகுதிகளைத் தேடிப் போய்ப் புகழ்பெற்றவர். வேட்டைக்கு இலங்கை வந்து, காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனார். பார்ன்ஸ் அங்கே ஏற்கெனவே மாளிகை கட்டி, நோய்தேறும் நிலையமாக அதை வளர்க்கத் தொடங்கியிருந்தார். 1,868 மீற்றர் உயரத்துக் குளிர் பேக்கரைப் பிடித்துக்கொண்டது. இங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை நட்டுவிடலாம் என்று 1848இல் குடும்பம், தச்சர், கொல்லர், நாய்கள், செம்மறி, டர்ஹாம் இனப் பசு, கோச்சு வண்டி எல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்தக் கோச்சு வண்டி பட்ட பாடு மலைநாட்டுப் பயண வரலாற்றின் மிகப் பெரிய நகைச்சுவை. இறம்பொடைக் கணவாயில் குதிரைக்காரர் பெர்க்ஸ் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் தள்ளிவிட்டார். பேக்கர் சொல்வதைப் பார்த்தால் ஆள் தண்ணியில் இருந்திருக்கிறார். விழுந்ததை மேலே கொண்டுவர ஒரு வளர்ப்பு யானையை அனுப்பினார்கள். பெர்க்ஸ் அந்த யானையின் மேல் ஏறிக்கொண்டு, மலையேற்றத்தில் அதைக் குதிரை மாதிரி விரட்டி ஓட்டினார். யானையும் செத்தது. பசுவும் வழியிலேயே செத்தது. பேக்கர் இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார், வாசிக்கலாம். ஆனால் வண்டி போகமுடியாத அந்தக் கணவாயில் அவருடைய மீதிச் சாமான் முழுக்க மேலே போய்ச் சேர்ந்ததே, எப்படி? மாட்டு வண்டிக்காரரும் தலைச்சுமைக்காரரும் கொண்டுபோனார்கள். அவர்கள் பள்ளத்தில் எதையும் போடவில்லை. அதனால் கதையும் ஆகவில்லை.

1855இல் பேக்கர் போய்விட்டார். அவருடைய கிராமம் கனவாகவே நின்றது, நுவரெலியா நின்றுவிட்டது. 1870களில் குதிரைப் பந்தயத் திடல், தேசாதிபதி கிரெகரியின் பெயரில் வாவி, 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப். பார்ன்ஸின் மாளிகை கிராண்ட் ஹோட்டலாகியது. கிளப்பில் உள்நாட்டவருக்கு வெகுகாலம் இடமில்லை, சமையற்கட்டில் மட்டும் எப்போதும் இருந்தது.

இதற்கிடையில் ரயில் வந்தது. கோப்பி மூட்டைக்காகப் போட்ட பாதை அது. மனிதர் ஏறியது பிற்சேர்க்கை. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை. கோப்பியை 1869இல் இலைத்துரு நோய் பிடித்து அழித்தது, பாதை பாதி வழியில் நிற்கும்போதே தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தைத் தாண்டி ரயில் பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. நானுஓயாவில் இருந்து நுவரெலியா, கந்தப்பளை, இராகலை என்று ஓடிய குறுகிய பாதை 1903, 04இல் திறந்து, 1940களில் மூடப்பட்டது. லொறிகள் மலிந்ததும் அதற்கு வேலை போய்விட்டது.

ரயிலோடு கப்பலும் சேர்ந்தபோதுதான் சுற்றுலா என்று நாம் இன்று சொல்வது பிறந்தது. 1869இல் சூயெஸ் திறந்தது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு 1885இல் முடிந்தது. கீழைத்தேசக் கப்பல்கள் எல்லாம் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் நின்றன. கப்பல் நிற்கும் ஒன்றிரண்டு நாளில் பயணிகள் என்ன செய்வார்கள்? காலை ரயிலில் கண்டிக்கு ஏறினார்கள். 1890 நவம்பரில் சகலின் தீவுக் கைதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்ரன் செக்கோவ் அப்படித்தான் கண்டி போனார். ஜெர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1882இல் நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுக்கும் போனார். 1911இல் ஹெர்மன் ஹெஸ்ஸே பீதுருதாலகாலையில் ஏறினார். ஹென்றி கேவ் 1908இலும் 1910இலும் படங்களோடு கொண்டுவந்த வழிகாட்டி நூல்கள் எந்த வளைவில் எந்தப் பக்க ஜன்னலில் இருக்கவேண்டும் என்பது வரை பயணிக்குச் சொல்லிக்கொடுத்தன.

வடக்கு இந்தப் படத்துக்குள் வந்தது 1905இல். அந்த ஆண்டு தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்த லெனாட் வூல்ஃப், அநுராதபுரத்துக்கு அப்பால் ரயில் பாதை இன்னும் முழுதாக முடியாததால் தபால் மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு நாயும் வோல்தேயர் நூல்கள் 90 தொகுதியும். சில மாதம் பொறுத்திருந்தால் ரயிலில் வந்திருக்கலாம். ஓகஸ்டில் வடக்குப் பாதை முழுதாகத் திறந்துவிட்டது. 1907இல் வூல்ஃபுக்குக் கண்டிக்கு மாற்றம். வடக்கில் இருந்து மலைக்கு மாற்றலாகிப் போவது அதன்பின் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வழமையான செய்தியாகிவிட்டது.

எப்படிப் போனார்கள் என்று சொல்லவேண்டும். எழுவைதீவார் தோணியில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து பட்டினத்துக்கு வந்து, கோச்சியேறிப் பொல்காவலையில் இறங்குவார்கள். அங்கே மலைக்கோச்சிக்கு மாற வேண்டும். விடியப்புறத்துக் குளிரில் அந்தச் சந்தி மேடையில் தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும். தீவுப்பகுதியில் இருந்து புறப்பட்டவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆட்கள் தெற்கெங்கும் கடை போட்டார்கள், மலைநாட்டு நகரங்களிலும் போட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டு பெட்டி பெட்டியாக மலையேறியது. குளிருக்குச் சுருட்டு என்றால் சிங்களக் கமக்காரருக்கும் தோட்டத்துக் கங்காணிக்கும் ஒரே பேச்சுத்தான். இன்னொரு பாதி உத்தியோகத்தர். ஸ்டேசன் மாஸ்டர், தபால் கந்தோர்க் கிளாக்கர், தோட்டக் கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டில் சில முறை குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர ரயில்வே வாறன்ட் கிடைக்கும். எங்கள் நடுத்தர வர்க்கத்தின் உல்லாசப் பயணத்தைத் தொடக்கிவைத்தது அந்தத் துண்டுக் கடதாசிதான். பேராதனைப் பூங்கா, ஹக்கல, சீதா எலியா, நுவரெலியாவில் உறவுக்காரர் வீடு. கம்பளிக் கோட்டு இரவல். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போனபிறகு மாணவர் கூட்டம் சேர்ந்தது. 1956இல் யாழ்தேவியும் உடரட்ட மெனிக்கேயும் ஓடத் தொடங்கின. ஒன்று வடக்குக்கு, ஒன்று மலைக்கு.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. மலைக்குப் போன யாழ்ப்பாணத்தார் அங்கே லயன் அறைகளில் இருந்த தமிழரைத் தம்மவர் என்று பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை கணக்கப்பிள்ளையாகவே இருந்தார், கடைக்காரர் கொப்பியில் கடன் எழுதினார். 1948இல் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர் ஆக்கியபோது வடக்கின் தலைவர்களே இரண்டு பட்டார்கள். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்து வந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியது அந்த வழியாகத்தான். வாறன்டில் உல்லாசம் போன வர்க்கம் பொதுவாகப் பேசாமல் இருந்தது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் பின்னர் பார்க்கலாம். தோட்டத்தில் இருந்து நகரத்து ஸ்டேசனுக்கு வந்து, தலைமன்னாருக்குக் கோச்சியேறி, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுத அழுகையில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயராகிவிட்டது. பாட்டன் நடந்து ஏறிய மலையில் இருந்து பேரன் ரயிலில் இறங்கினான். அந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து, 1966இல், இலங்கைச் சுற்றுலாச் சபை உருவாகிறது. அந்த ஆண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 19,000க்கும் சற்றுக் குறைவு. 1982இல் 4 லட்சத்தைத் தாண்டினார்கள். வரவழைக்க அச்சடித்த படங்களில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண் தவறாமல் இருந்தாள். படத்தில் அவள் வேண்டும், நாட்டில் வேண்டாம் என்றால் அதற்கு என்ன பெயர்?

1977இலும் 1983இலும் மலைநாட்டு நகரங்களில் தமிழர் கடைகள் எரிந்தன. தீவார் கடைகளும் சேர்ந்தே எரிந்தன. தோட்டத்தவர் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிவந்தார்கள். பொல்காவலையில் கோச்சி மாறும் பழக்கம் எங்கள் பக்கத்தில் மெல்ல நின்றுபோனது. 1990இல் யாழ்தேவியும் நின்றது, திரும்ப யாழ்ப்பாண நிலையத்துக்கு வர 2014 ஒக்டோபர் ஆனது. அந்த இடைவெளியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு மலை பாடப்புத்தகத்துப் படம்.

போர் முடிந்தபின் கூட்டம் எதிர்த்திசையில் வந்தது. பௌத்தர்கள் வணங்கும் பதினாறு தலங்களில் சிவனொளிபாதமும் உண்டு, எங்கள் நயினாதீவு நாகதீபமும் உண்டு. மார்கழிப் பௌர்ணமியில் இருந்து வைகாசி வரை நல்லதண்ணி வழியால் 5,000க்கு மேற்பட்ட படிகளில் ஏறும் அதே ஆட்கள், விடுமுறை நாள்களில் பஸ் பஸ்ஸாகக் குறிகட்டுவானுக்கு வந்து படகுக்கு நிற்கிறார்கள். நயினாதீவு அம்மன் கோயிலுக்கும் போய்த் தேங்காய் உடைக்கிறார்கள். 2018இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் 23 லட்சம் பேர். அவர்களில் பலர் எல்ல ரயிலின் வாசற்படியில் தொங்கிக்கொண்டு, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்தார்கள். கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய அந்தப் பாலத்தை உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் எப்படி முடித்தார் என்று கதை கேட்கிறார்கள். கல் தூக்கியவர்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் இருந்து ஹோட்டல். இலை வாட்டிய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். முன்னே ஓடிய குறுகிய பாதை ரயிலின் நினைவாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து உணவுச்சாலை ஆக்கியிருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல முடியாது. அதைச் சுற்றியுள்ள லயன்களை எவரும் அப்படிப் புதுப்பிக்கவில்லை.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் இருந்து ஒரு நடை புறப்பட்டது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை முன்னிட்டு, முன்னோர் நடந்த வடக்குப் பாதையையே பிடித்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண்களும் வயதானவர்களும் மதகுருமாரும் நடந்தார்கள். வடக்கில் இருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள், வழியில் சிங்கள ஊர்களில் தண்ணீரும் சாப்பாடும் கிடைத்தன. கையில் கோரிக்கைகள் இருந்தன: காணி, வீடு, வாழ்வதற்குப் போதுமான கூலி, மற்றக் குடிமக்களோடு சரிநிகர் மதிப்பு. அந்த நடை கடந்துபோன மன்னார்–மதவாச்சிப் பாதையில் 1914இல் தண்டவாளம் போட்டு, சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை வரலாம் என்று ஆக்கினார்கள். போட்மெயில் என்ற அந்தச் சேவையையும், அதன் வழியைப் புயல் விழுங்கிய 1964 டிசெம்பரையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)